கோடியக்கரையிலிருந்து என்ன கொண்டுவருவது?

(கோடியக்கரைக்கு இயற்கை முகாம் செல்லவிருந்த அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரப் பள்ளி மாணவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் அம்பத்தூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் மேடையேறுவதற்கு முன்பே முன்வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டுவிட்டான்: "சார், பாட்டில் எத்தனை எடுத்துக்கிட்டு வரணும்?" எதற்குப்பா பாட்டில் என்றேன். "நண்டு, பூச்சி, சிப்பி எல்லாம் புடிச்சுப் போட்டுக்க" என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்க இதில் ஒன்றுமில்லை. இயற்கையைப் படித்த பெரிய மனிதர்கள் பலரும் பாட்டிலில்தான் தொடங்கினார்கள். ஆகவே இன்று முழுக்க அந்தப் பையனின் கேள்விக்குத்தான் பதில் சொல்லப்போகிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். கோடியக்கரை 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972இல். அந்தச் சட்டத்தில் வேட்டை என்பது துப்பாக்கியால் சுடுவது மட்டும் இல்லை. பிடிப்பது வேட்டை, பொறி வைப்பது வேட்டை, பறவையின் கூட்டையும் முட்டையையும் கலைப்பதும் வேட்டை. சரணாலயத்துக்குள் ஆய்வுக்கோ படமெடுக்கவோ போவதென்றால் 28ஆம் பிரிவின்படி அனுமதி வாங்க வேண்டும். அனுமதி இல்லாமல் உள்ளே இருக்கிற எதையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது 29ஆம் பிரிவு. செத்த சிப்பிதானே, உதிர்ந்த இறகுதானே என்ற வாதமெல்லாம் வனக்காப்பாளரிடம் எடுபடாது. கூடாரம் அடிக்கலாமா என்று சிலர் கேட்டீர்கள். வனத்துறை எங்கே தங்கச் சொல்கிறதோ அங்கேதான் தங்கல்.

அந்த வட்டாரத்துக்கு ஒரு பெருமை உண்டு. கோடியக்கரைக்குப் போகிற வழியில் அகத்தியம்பள்ளி வரும். 1930 ஏப்ரல் 30ஆம் தேதி ஒரு பிடி உப்பை அள்ளியதற்காக ராஜாஜியைக் கைது செய்த இடம் அது. உப்பு அள்ளிச் சிறைக்குப் போனால் வரலாற்றில் பெயர் வரும். நட்சத்திர ஆமையைப் பைக்குள் வைத்துக்கொண்டு பிடிபட்டால் செய்தித்தாளில் பெயர் வரும். இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள்.

சட்டம் சொல்கிறது, அதனால் எடுக்காதே என்று முடித்துவிட்டால் நீங்கள் கேட்டுக்கொள்வீர்கள், ஆனால் மனம் ஒப்பாது. ஆகவே வழியில் தரங்கம்பாடியில் கொஞ்சம் வண்டியை நிறுத்துங்கள். எல்லோரும் டேனிஷ் கோட்டையைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இயற்கை ஆர்வம் உள்ளவர்களுக்கு அந்த ஊர் ஒரு தலைமைப் பீடம். தாவர அறிஞர் லின்னேயஸிடம் பாடம் கேட்ட கோனிக் என்ற மருத்துவர் 1768இல் அங்கே வந்து இறங்கினார். செடிகொடிகளைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அவருக்குப் பின் சி. எஸ். ஜான் என்ற பாதிரியார். அவருக்குச் சமயப் பணியோடு சங்கு, சிப்பி, மீன் என்று ஓயாத தேடல். கடற்கரை மீனவர்கள் கொண்டுவந்து கொடுத்ததைப் பதப்படுத்தி, பெர்லினில் இருந்த பிளாக் என்ற மருத்துவருக்கு அனுப்பிவைத்தார். பிளாக் அந்தக் காலத்தில் மீன் அறிவியலில் பெரிய கை. நம் மீன் சந்தையில் கத்தாழை என்று வாங்குகிறோமே, அந்தக் கூட்டத்தில் ஒரு பேரினத்துக்கு 1793இல் 'ஜோனியஸ்' என்று பெயர் வைத்தார். நம் தரங்கம்பாடி ஜான் பாதிரியாரின் பெயர்தான் அது. இன்றும் அந்தப் பெயர்தான்.

இப்போது அதே பிளாக்கின் இன்னொரு மீனைப் பாருங்கள். கொடுவா. வீட்டில் விருந்தென்றால் தேடி வாங்குகிற மீன். அதற்கு அறிவியல் பெயர் கொடுத்தவரும் அவரே, 1790இல். எங்கிருந்து கிடைத்தது என்ற இடத்தில் ஜப்பான் என்று எழுதிவைத்தார். ஊர் எழுதிய சீட்டு எங்கே மாறியதோ தெரியாது, ஜப்பான் பக்கத்துக் கடலில் இருப்பது கொடுவாவுக்கு நெருங்கிய வேறோர் இனம். அதைத் தனி இனம் என்று பிரித்துப் பெயர் வைத்தது 1984இல். மீன் ஜாடிக்குள் பத்திரமாக இருந்தும், கூட இருக்க வேண்டிய ஊர்ப்பெயர் தவறிப்போனதால் இருநூறு ஆண்டுக் குழப்பம்.

தரங்கம்பாடியில் நடந்த இன்னொரு கதை இதைவிடச் சுவையானது. டால்டார்ஃப் என்று ஒரு டேனிஷ் படை அதிகாரி. 1791இல் ஒரு குளக்கரைப் பனைமரத்தில், தண்ணீருக்கு மேலே ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவான உயரத்தில், பட்டை வெடிப்பில் ஒரு மீன் ஏறிக்கொண்டிருந்ததைப் பிடித்ததாக எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கம் 1797இல் அதை அச்சிட்டது. நம் ஊரில் பனையேறிக் கெண்டை என்று அந்த மீனை ஏற்கெனவே அழைத்துக்கொண்டிருந்தார்கள். மழை பெய்தால் குளத்தை விட்டுத் தரையில் ஊர்ந்து போகிற மீன்தான் அது. செவுள் மூடியில் முள் உண்டு, காற்றைச் சுவாசிக்க உறுப்பும் உண்டு. ஆனால் மரம் ஏறுமா? காக்கையோ பருந்தோ கவ்விக்கொண்டு போய் மரத்தில் வைத்ததாக இருக்கும் என்று பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். சர்ச்சை எப்படி முடிந்தாலும், அந்த அதிகாரி எந்த மரம், எவ்வளவு உயரம், மீன் உடம்பை எப்படி அசைத்தது என்று எழுதிவைத்ததால்தான் நூறாண்டுக்கு மேலாக யார் வேண்டுமானாலும் அதைச் சோதித்துப் பார்க்க முடிந்தது. அவர் பிடித்த மீன் இப்போது எங்கே இருக்கிறது என்று யாரும் தேடுவதில்லை.

சோழமண்டலக் கடற்கரைப் பாம்புகளைப் பற்றி 1796இல் புத்தகம் போட்ட பாட்ரிக் ரஸ்ஸல் பெயரையும் இங்கே சொல்லியாக வேண்டும். நம் கண்ணாடி விரியனின் அறிவியல் பெயரில் அவர் ஒட்டிக்கொண்டிருக்கிறார். இவர்களையெல்லாம் கொள்ளைக்காரர்கள் என்று இன்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர்கள் எடுத்தார்கள், உண்மைதான். கேமரா இல்லாத காலத்தில் வேறு வழியும் இல்லை. ஆனால் அவர்கள் எடுத்ததில் இன்றைக்கும் பயன்படுவது சீட்டு ஒட்டிய ஜாடிகள்தான். சீட்டில்லாத ஜாடி எந்த அருங்காட்சியகத்துக்கும் வெறும் சுமை. உங்கள் வீட்டு ஷோகேஸில் இருக்கும் சிப்பியில் எந்தக் கடற்கரை, எந்த மாதம் என்று எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் அது அழகுப் பொருள். அவ்வளவுதான்.

ஆகவே என் பதில்: பாட்டில் வேண்டாம், சீட்டை மட்டும் கொண்டுவாருங்கள். உயிரை அதன் இடத்தில் விட்டுவிட்டு, அதன் கழுத்தில் தொங்கவேண்டிய சீட்டை எழுதிக்கொண்டு வாருங்கள்.

அங்கே போனால் எதைப் பார்ப்பது? கோடியக்கரை விசித்திரமான முனை. வங்காள விரிகுடாவை ஒட்டித் தெற்கே வந்த கரை, அங்கே சட்டென்று மேற்கே மடங்கிப் பாக் நீரிணைப் பக்கம் திரும்பிவிடுகிறது. ஒரு பக்கம் மணற்கரை, இன்னொரு பக்கம் வேதாரண்யம் சதுப்பு, நடுவில் உலர் பசுமைமாறாக் காடு. ஆண்டில் பல மாதம் மழை காணாத, ஆனால் இலை உதிர்க்காத காடு அது. உலக்கைப்பாலை மரங்கள் நிறைய. வேதாரண்யம் பக்கத்துப் பிள்ளைகளைக் கேட்டால் பாலைப்பழத்தின் பிசின் உதட்டில் ஒட்டுவதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். இங்கே அம்மா அப்பா பலர் பொன்னியின் செல்வன் படித்திருப்பீர்கள். பூங்குழலி வந்தியத்தேவனுக்குப் போக்குக் காட்டிய கோடிக்கரை இதுதான். கதையில் வரும் கலங்கரை விளக்கத்தை நினைவூட்டிக்கொண்டிருந்த பழைய கட்டடத்தின் மிச்சத்தை 2004 சுனாமி கொண்டுபோனது. கதையில் வரும் புதைசேறு மட்டும் பத்திரமாக இருக்கிறது. வழிகாட்டி காட்டாத இடத்தில் கால் வைக்காதீர்கள்.

வெளிமான்களை வண்டியிலிருந்தே பார்த்துவிடலாம். கிண்டியில் பார்த்திருக்கிறோமே என்பீர்கள். பார்த்திருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். முறுக்குக் கொம்பும் கறுத்த முதுகும் உள்ள கடா ஒன்று வெட்டவெளியில் தனியாக நிற்கும். அதன் காலடியைப் பைனாகுலரில் பாருங்கள். புழுக்கைக் குவியல் இருக்கும். அது திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வந்து போடும், முன்காலால் சீய்க்கும், நிமிர்ந்து நிற்கும். இது என் இடம் என்று எழுதிவைத்த பலகை அது. அரைமணி நேரம் உட்கார்ந்து, அது எத்தனை தடவை குவியலுக்கு வருகிறது, வேறு கடா எவ்வளவு தூரத்தில் வந்தால் இது தலையைத் தூக்குகிறது என்று எழுதுங்கள். ஒரு கொம்பு கிடைத்தால்கூட இந்த விஷயம் உங்களுக்குத் தெரியவராது. மேயும் குதிரைகளையும் பார்ப்பீர்கள். வீட்டுக் குதிரைகளாக இருந்து காட்டில் விடப்பட்டவற்றின் வாரிசுகள். மானுக்குள்ள புல்லில் அவையும் பங்கு கேட்கின்றன. சீமைக்கருவேலம் வேறு புல்வெளியை விழுங்கிக்கொண்டு வருகிறது. ஒரு மணி நேரத்தில் ஒரே புல்வெளியில் எத்தனை மான், எத்தனை குதிரை என்று எண்ணினாலே ஒரு நல்ல குறிப்பு.

கடற்கரைக்கு வந்தால் முதலில் கை போவது சிப்பிக்குத்தான். மணலில் ஒரு சுருள் சங்கு கிடக்கும். கையை நீட்டினால் அது நடக்கும்! உள்ளே துறவி நண்டு. துறவி என்ற பெயர்தான். வீட்டு ஆசை அதற்கு இருப்பதுபோல் வேறு யாருக்கும் இல்லை. பின்னுடம்பு மெத்தென்று இருக்கும், ஓடு கிடையாது. செத்த சங்குப்பூச்சியின் கூட்டைத் தேடிப் புகுந்துகொள்ளும். வளர வளரப் பெரிய கூடு வேண்டும். நல்ல கூடு ஒன்று கரையில் ஒதுங்கினால் நண்டுகள் அதைச் சுற்றிக் கூடிவிடும். தனக்கு அது பெரிதாக இருந்தால் பக்கத்திலேயே காத்திருக்கும். சரியான அளவுள்ள நண்டு வந்து புதுக் கூட்டுக்குள் புகுந்ததும், அது விட்ட கூட்டுக்கு அடுத்தது, அது விட்டதற்கு அதற்கடுத்தது என்று வரிசையாகக் குடிமாறும். அம்பத்தூரில் நல்ல வாடகை வீடு காலியானால் தெருவே இடம் மாறுகிற மாதிரி. இப்போது சொல்லுங்கள், நீங்கள் அழகாக இருக்கிறதென்று எடுத்த ஒரு வெறுஞ்சங்கு எத்தனை நண்டின் வீடு? கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் ஒரு பிள்ளையிடம், "தம்பி, ஆள் இல்லாத வூடுன்னு எடுக்காத, ஆள் வரப்போற வூடு அது" என்று சொன்னதைக் கேட்டிருக்கிறேன். என் சொற்பொழிவைவிட அது நன்றாக இருந்தது.

சில சங்கு, சிப்பி இனங்களுக்கு வன உயிரினச் சட்டத்தின் அட்டவணையிலேயே பாதுகாப்பு உண்டு. கடைகளில் விற்கிறார்களே என்று சமாதானம் சொல்லாதீர்கள்.

அடுத்தது பறவைகள். அக்டோபர் முதல் மார்ச் வரை சதுப்பு நிறையப் பூநாரையும் உள்ளானும். பூநாரை கண்ணில் படும், படமும் அழகாக வரும், எல்லோரும் அதையே எடுப்பார்கள். நீங்கள் கொசு உள்ளானைப் பாருங்கள். சேற்றில் கூட்டமாக ஓடி ஓடிக் கொத்திக்கொண்டிருக்கும் சின்னஞ்சிறு பறவை. முப்பது கிராம் தேறாது. கோடையில் ஆர்க்டிக் பனிச்சமவெளியில் முட்டையிட்டுவிட்டு, குளிருக்கு நம் கரைக்கு வந்து போகிறது. இது நமக்கு எப்படித் தெரியும்? பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் 1980களிலிருந்து கோடியக்கரையில் முகாமிட்டு, மெல்லிய வலையில் பறவைகளைப் பிடித்து, எடை பார்த்து, இறகை அளந்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டி விட்டார்கள். இதுவும் சேகரிப்புதான். பறவை பறந்துபோய்விடும், எண்ணும் தேதியும் எடையும் ஏட்டில் தங்கும். அதே பறவை இன்னொரு நாட்டில் சிக்கினால் இரண்டு ஏடுகளும் பேசிக்கொள்ளும். காலில் வளையம் உள்ள பறவை உங்கள் கண்ணில் பட்டால், நெருங்காமல், எண் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். படிக்க முடியாவிட்டால் வளையம் எந்தக் காலில், என்ன நிறம், எந்தத் தேதி என்று எழுதி அந்தக் கழகத்தாருக்குத் தெரிவியுங்கள். இப்படிச் சேர்ந்த ஆய்வுகளின் வலுவில்தான் 2002இல் கோடியக்கரை பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, ராம்சர் தலமாக ஆனது. ஏறத்தாழ இருபது ஆண்டு காலம் தமிழ்நாட்டில் அந்தத் தகுதி பெற்றிருந்தது அது ஒன்றுதான்.

இனி எழுதும் முறை. கைபேசியில் படம் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு நோட்டும் பென்சிலும் கட்டாயம். மை பேனா கடற்காற்றிலும் வியர்வையிலும் ஊறிவிடும், பென்சில் எழுத்து ஊறாது. பக்கத்தின் தலையில் தேதி, நேரம், இடம், காற்று எந்தப் பக்கம், கடல் ஏறுகிறதா வற்றுகிறதா. அதன் கீழே கண்டது. கண்டதற்கும் நினைத்ததற்கும் நடுவே ஒரு கோடு. 'நண்டு பயந்து ஓடியது' என்று எழுதாதீர்கள். 'என் நிழல் பட்டதும் வளைக்குள் போனது, மூன்று நிமிடம் கழித்து ஒரு கண் மட்டும் வெளியே வந்தது' என்று எழுதுங்கள். பயம் என்பது உங்கள் அனுமானம், கோட்டுக்குக் கீழே போகட்டும். படம் வரையத் தெரியாது என்று யாரும் சொல்லக் கூடாது. அலகு நேரா வளைவா, கால் பறக்கும்போது வாலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று காட்ட நாலு கோடு போதும்.

இந்தப் பழக்கத்தில் நமக்கு ஒரு முன்னோர் இருக்கிறார். பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன். சென்னையில் இருந்துகொண்டு 1950 முதல் 1996இல் மறையும் வரை ஸ்டேட்ஸ்மன் இதழில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதினார், தமிழிலும் எழுதினார். காட்டு யானை பற்றியும் எழுதுவார், வீட்டுக் கூரையில் வந்து உட்காரும் காக்கை பற்றியும் எழுதுவார். இரண்டிலும் அதே கவனம்.

குறிப்பின் அருமை எப்போது தெரியும் என்றால், பார்த்த பொருள் இல்லாமல் போகும்போது. 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை கடந்தது. கோடியக்கரைக் காட்டில் பெரும் பெரும் மரங்கள் சாய்ந்தன. அதற்கு முந்தின மாதம் ஒரு மாணவன் முகாமுக்குப் போய், ராமர் பாதம் மேட்டுக்குப் போகும் வழியில் இன்ன இடத்தில் இன்ன மரம், இவ்வளவு சுற்றளவு என்று ஒரு பக்கம் எழுதியிருந்தால், அந்தப் பக்கத்துக்கு இன்று வனத்துறையே மதிப்புக் கொடுக்கும். அதே மாணவன் அந்த மரத்திலிருந்து ஓர் இலையைப் புத்தகத்தில் மடித்து வைத்திருந்தால் அது சருகு.

பெற்றோருக்கு ஒரு கவலை இருக்கும். இவ்வளவு செலவழித்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் அனுப்பி, பிள்ளை ஒரு நோட்டோடு திரும்பி வந்தால் போதுமா? போதும். ஆனால் அந்த நோட்டு கோடியக்கரையோடு நின்றுவிடக் கூடாது. பருத்திப்பட்டு ஏரியில் கூழைக்கடா இறங்குகிறது. கொரட்டூர், அம்பத்தூர் ஏரிகளில் கழிவுநீரைப் பற்றி நாம் பேசாத நாள் இல்லை. எந்தப் பறவை எந்த மாதம் வந்தது என்று எழுதிவைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? செம்பரம்பாக்கம் பூந்தமல்லிக்காரர்களுக்குக் கூப்பிடு தூரம். 2015இலிருந்து ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. கட்டணம் கிடையாது, ஒரு கால்மணி நேரம் நின்று எண்ணி, ஈபேர்ட் தளத்தில் பட்டியலை ஏற்றினால் சரி. மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியைக் கட்டி, எதிரே ஒரு பல்பைப் போட்டு, இரவு வந்து உட்காரும் விட்டில்களைப் படம் பிடித்து ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றுங்கள். ஒரு மணி நேரத்தில் விளக்கை அணைத்துவிடுங்கள், அவற்றுக்கு வேறு வேலை இருக்கிறது. இப்படி விளக்கு வைத்துப் பார்ப்பதைச் சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் செய்ய முடியாது. உங்கள் மாடியில் யார் கேட்கப்போகிறார்கள், பக்கத்து வீட்டு மாமியைத் தவிர?

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். முகாம் முடிந்து வந்ததும் கட்டுரைப் போட்டி, ஓவியப் போட்டி என்று நடத்துவீர்கள், நடத்துங்கள். அதற்கு முன்னால் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்தாமல், எழுத்துப் பிழையோடு அப்படியே நகலெடுத்து, தேதி போட்டுத் தைத்து, ஒரு படி பள்ளி நூலகத்திலும் இன்னொரு படி அங்குள்ள வனத்துறை அலுவலகத்திலும் சேர்த்துவிடுங்கள். அடுத்த ஆண்டு போகிற பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுப் போய், அதே இடத்தில் நின்று எண்ணட்டும்.